இடமாற்ற உத்தரவு வந்துவிட்டது. வீட்டின் விலையோ கடன் பாக்கியைவிடக் குறைவு

கேள்வி – கில்லீன் குடித்தனம்

வணக்கம். என் கணவர் அமெரிக்கத் தரைப்படையில் பணியாற்றுகிறார். 2022 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலத்தின் கில்லீனில், முன்பணம் எதுவும் கட்டாமல், வி.ஏ. கடனில் (முன்னாள் படைவீரர் நலத் துறையான வி.ஏ. உத்தரவாதம் தரும் வீட்டுக் கடன்) வீடு வாங்கினோம். கடன் 3,45,000 டாலர், வட்டி 3.25 விழுக்காடு, இன்றைய பாக்கி ஏறத்தாழ 3,20,000 டாலர். நவம்பருக்குள் வாஷிங்டன் மாநிலத்தில் பணியில் சேர வேண்டும் என்று இப்போது உத்தரவு வந்திருக்கிறது. எங்கள் தெருவை ஒட்டியே புதிய வீடுகளைக் கட்டி விற்பதால், எங்கள் வீட்டை 2,95,000 டாலருக்கு மேல் யாரும் கேட்பதில்லை. முகவர் கட்டணத்தையும் சேர்த்தால் கையிலிருந்து சுமார் 40,000 டாலர் போட வேண்டியிருக்கும். அவ்வளவு சேமிப்பு எங்களிடம் இல்லை. இத்தகைய நஷ்டத்தைப் பாதுகாப்புத் துறையே ஈடுகட்டும் என்கிறார் கணவரின் நண்பர் ஒருவர். மூன்று மாதம் தவணை கட்டாமல் விட்டால்தான் வங்கி பேச்சுக்கே வரும் என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?

மறுமொழி 1 – பழைய சிப்பாய்

நண்பர் சொல்லும் திட்டம் உண்மையில் இருந்தது. உங்களுக்குத்தான் அது பொருந்தாது. படைத்தளங்கள் மூடப்படும்போது சுற்றுவட்டார வீட்டு விலை சரிவதால் பாதிக்கப்படுவோருக்காக 1966-இல் சட்டமாக்கப்பட்ட வீட்டு உரிமையாளர் உதவித் திட்டம் அது. தரைப்படையின் பொறியாளர் பிரிவு அதை நிர்வகிக்கிறது. 2009-இல் பொருளாதார மீட்புச் சட்டம் அதற்கு 55.5 கோடி டாலர் ஒதுக்கி, சாதாரண இடமாற்றத்தால் விற்க நேர்ந்தவர்களையும் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டது. ஆனால் 2006 ஜூலை 1-க்கு முன் வாங்கிய வீடுகளுக்கு மட்டுமே அந்தச் சலுகை பொருந்தியது. அந்தக் கதவு மூடப்பட்டு ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இன்று அது போரில் காயமுற்றோர், உயிரிழந்தோரின் துணைவர், தளமூடலால் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கானது. 2012-இல் வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே, ஃபிரெடி மேக் நிறுவனங்கள் இடமாற்ற உத்தரவையே இக்கட்டாக ஏற்று, தவணை தவறாதவர்களுக்கும் ஷார்ட் சேல் (கடன் கொடுத்தவரின் ஒப்புதலோடு பாக்கியைவிடக் குறைந்த விலைக்கு விற்பது) அனுமதித்ததைப் பற்றியும் இணையத்தில் படிப்பீர்கள். அது அந்நிறுவனங்களின் கடன்களுக்கான விதி, உங்களுடையதோ வி.ஏ. கடன்.

மறுமொழி 2 – கணக்கர்

தவணையை நிறுத்தச் சொல்பவரின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். படைவீரருக்குத் தவறிய தவணை என்பது கடன் மதிப்பெண்ணோடு முடிவதில்லை. பாதுகாப்பு அனுமதியை மறுபரிசீலனை செய்யும்போது நிதி ஒழுங்கும் ஓர் அளவுகோலாகப் பார்க்கப்படுகிறது.

வி.ஏ. கடனில் ஷார்ட் சேலுக்கு இணையானது காம்ப்ரமைஸ் சேல். உத்தரவின் நகலோடு கடனை நிர்வகிக்கும் நிறுவனத்தை முதலில் அணுகுங்கள், கூடவே வி.ஏ.வின் மண்டலக் கடன் மையத்திடமும் பேசுங்கள். வீடு சந்தை விலைக்கு விற்று, பாக்கியில் விழும் துண்டை வி.ஏ. தன் உத்தரவாதத்தின்படி ஈடுசெய்தால், 1990 முதல் பெற்ற கடன்களில் மோசடி போன்ற குற்றம் இல்லாதவரை அந்தத் தொகையை உங்களிடம் கேட்டு வசூலிப்பதில்லை. ஆனால் அதைத் திருப்பிச் செலுத்தும்வரை உங்கள் கணவரின் கடன் உரிமையில் (அவருக்காக வி.ஏ. தரும் உத்தரவாத வரம்பு) அந்தப் பகுதி திரும்பக் கிடைக்காது. தள்ளுபடியான கடன் வருமானமாகக் கருதப்படக்கூடும் என்பதால், வரித்தாக்கலுக்கு முன் தளத்தின் சட்ட உதவி அலுவலகத்தில் இலவசமாக ஆலோசனை பெறுங்கள்.

கில்லீன் குடித்தனம்

நன்றி. வட்டியை 6 விழுக்காட்டுக்கு மேல் போகவிடாத படைவீரர் சட்டம் ஒன்று உண்டாமே, அதனால் பயன் உண்டா?

மறுமொழி 3 – வாடகைக்கு விட்டவன்

அது பணியில் சேருமுன் வாங்கிய கடனுக்கானது. உங்கள் வட்டியோ ஏற்கெனவே 3.25 விழுக்காடுதான். அந்த வட்டியைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

வீட்டின் விலை குறைந்திருந்தாலும் உங்கள் கடனுக்கே ஒரு விலை இருக்கிறது. வி.ஏ. கடனை, நிர்வகிக்கும் நிறுவனத்தின் ஒப்புதலோடு வாங்குபவர் அப்படியே தன் பெயருக்கு ஏற்றுக்கொள்ளலாம். அவர் படைவீரராக இருக்க வேண்டியதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் தவணை, வரியும் காப்பீடும் நீங்கலாக, மாதம் சுமார் 1,500 டாலர். இதே வீட்டை ஒருவர் 2,95,000 டாலருக்கு 6.5 விழுக்காட்டில் புதிதாக 30 ஆண்டுக் கடன் எடுத்து வாங்கினால் மாதம் சுமார் 1,865 டாலர் கட்டுவார். அதாவது 25,000 டாலர் கூடுதலான பாக்கியை ஏற்றுக்கொண்டாலும் மாதந்தோறும் அவருக்கு 360 டாலருக்கு மேல் மிச்சம். கடன் முடியும் காலமும் மூன்றரை ஆண்டு குறைவு. ஆகவே விற்பனை விளம்பரத்தின் முதல் வரியிலேயே வட்டி விகிதத்தை எழுதச் சொல்லுங்கள். இந்த நடைமுறையைக் கையாண்டு பழகிய முகவரைத் தேடிப் பிடிப்பது நல்லது. பலருக்கு இது தெரிவதே இல்லை. முகவர் கட்டணம் மட்டும் உங்கள் தலையில்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். வாங்குபவர் தகுதியுள்ள படைவீரராகவோ முன்னாள் படைவீரராகவோ இருந்து தன் உரிமையை ஈடாக வைத்தால் மட்டுமே உங்கள் கணவரின் உரிமை விடுபடும். மற்றவர் வாங்கினால் கடன் தீரும்வரை அது அந்த வீட்டோடு கட்டுண்டிருக்கும், வாஷிங்டனில் முன்பணமின்றி வாங்கும் வரம்பும் அதற்கேற்பச் சுருங்கும். அடுத்ததாக, பொறுப்பிலிருந்து உங்களை விடுவித்ததாக நிர்வகிக்கும் நிறுவனத்திடமிருந்து எழுத்தில் பெறாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். ஒப்புதலுக்கு மாதங்கள் ஆகக்கூடும். நவம்பர் என்றால் விண்ணப்பம் இந்த வாரமே போய்ச் சேர வேண்டும்.