கப்பல் எதிர்ப்பு ஏவுகணை: சுட்டவர்கள், பார்த்தவர்கள், மாட்டியவர்கள் எழுதுங்கள் (அனுபவப் பகிர்வு)

தொடுவானம்:

கடற்படையை விட்டு வெகுநாளாயிற்று. ஒரு காட்சி மட்டும் இன்னும் விடவில்லை, அதை இறக்கி வைக்கத்தான் இந்தத் திரி.

வங்கக் கடலில் யுரான் என்ற ரஷ்யக் கப்பல் எதிர்ப்பு ஏவுகணையைச் சுட்டோம். யுரானை இங்கே அதிகம் விளக்கத் தேவையில்லை: 145 கிலோ வார்ஹெட் (வெடிமுனை), 130 கி.மீ. தூரம், கடைசிக் கட்டத்தில் அலைக்கு மேலே நாலைந்து மீட்டர். கிளப்பிவிடும் பூஸ்டர் கழன்றதும் ஒரு கணம் தலை தாழும். முதல்முறை பார்ப்பவன் தண்ணீருக்குள் போய்விட்டது என்றே நினைப்பான். ஜெட் பிடித்துக்கொண்டதும் சமன் பண்ணிப் போய்விடும், பின்னால் புகைகூட நிற்காது. கப்பலின் கட்டுப்பாட்டு அறையான ஆப்ஸ் ரூமில் ஒருவர் விநாடிகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார், வேறு யாரும் வாய் திறக்கவில்லை. ஹெலிகாப்டரிலிருந்து "ஹிட்" என்று வந்ததும் கை தட்டினோம்.

அப்புறம் இலக்குக் கப்பலின் பக்கமாகப் போனோம். அது நான் முதன்முதலில் வேலை பார்த்த கப்பல். சர்வீஸ் முடிந்து, பீரங்கியும் ரேடாரும் கழற்றப்பட்டு, இலக்காக இழுத்து வரப்பட்டிருந்தது. அது எனக்கு முன்கூட்டியே தெரியும், அதில் வருத்தமும் இல்லை. உடைக்கும் யார்டில் துண்டு துண்டாகப் போவதைவிட இது மேல். ஆனால் ஓட்டை விழுந்திருந்தது எங்கள் மெஸ்டெக்கில். மூன்றடுக்கு பங்க் போட்டு நாங்கள் தூங்கிய இடம். அன்று வைத்திருந்தது வெடிமருந்து இல்லாத, பறக்கும்போது அளவுகளை அனுப்பும் டெலிமெட்ரி தலை. அப்படியும் இந்தப் பக்கம் நுழைந்து உள்சுவர்களைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது, மிச்ச எரிபொருள் எரிந்து சுற்றிலும் பெயிண்ட் கருகிச் சுருண்டிருந்தது. ராத்திரி நேரத்தில் அங்கே எத்தனை பேர் படுத்திருப்போம் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. அதன் பிறகு எந்தச் சோதனையிலும் எனக்குக் கை தட்ட வரவில்லை.

நாலாம் இன்ஜினியர்:

நான் சுடற பக்கம் இல்லை, வாங்கற பக்கம். மெர்ச்சன்ட் நேவி. 2024 தொடக்கம், ஹூதிகள் கப்பல்களைச் சுட்டிட்டு இருந்த நேரம். செங்கடல் வாசல்ல இருக்கற பாப்-எல்-மண்டேப் நீரிணையைத் தாண்டிட்டு இருந்தோம். கப்பல் எங்க இருக்குன்னு காட்டற ஏஐஎஸ் கருவியை அணைச்சாச்சு, மெயின் இன்ஜின் முழு ரெவ்ல ஓடுது. என் வாட்ச், நானும் ஒரு மோட்டர்மேனும் கீழே.

போன் அடிச்சது. பிரிட்ஜ்ல இருந்து கேப்டனே பேசினார். விஎச்எஃப் ரேடியோல போர்க்கப்பல் மிசைல் வார்னிங் கொடுக்குது, எல்லாரும் உள்ளே இருங்கன்னார். வச்சிட்டார். இன்ஜின் ரூம்ல ஜன்னல் கிடையாது, இருக்கற சத்தத்துல வெளியே நடக்கறது எதுவும் காதுல விழாது. மோட்டர்மேன் என்னைவிட வயசுல ரொம்பப் பெரியவர். இயர் மஃபைத் தூக்கிட்டு என் காதுகிட்ட வந்து கேட்டார்: "சார், மேல போறதா, கீழயே இருக்கறதா?"

கொள்ளைக்காரன் வந்தா சிட்டடல், உள்ளே பூட்டிக்கிட்டு ஒளியற இடம், அது ஸ்டியரிங் கியர் ரூம், கீழே. தீ பிடிச்சா மஸ்டர், எல்லாரும் கூடற இடம், அது மேலே. மிசைலுக்கு எது? எந்த டிரில்லயும் அதைச் சொல்லலை. நான் பதில் சொல்றதுக்குள்ள ஹல் முழுக்க ஒரு அடி விழுந்தது. தரைத்தகடு வழியா முழங்கால் வரைக்கும் ஏறிச்சு. ரெவ் குறையலை, அலாரம் அடிக்கலை. எங்க மேல படலை. இடது பின்பக்கம் தூரத்துல தண்ணி வெள்ளையா எழும்பினதைப் பார்த்ததா டெக் ஆளுங்களுக்குத் தலைவரான போசன் பிறகு சொன்னார். எனக்கு அந்த அடியைவிட அந்தக் கேள்விதான் நிக்குது. தெரிஞ்சவங்க பதில் சொல்லுங்க.

ரேஞ்ச்பக்கம்:

நாலாம் இன்ஜினியர், உங்கள் அனுபவத்தைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வந்தது க்ரூஸ் ஏவுகணைதான் என்பது எப்படி உறுதி? செங்கடல் பக்கம் அடிபட்டதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டுகிறார்கள். 2023 டிசம்பர் 11 அன்று ஸ்ட்ரிண்டா டேங்கரில் பட்டது க்ரூஸ் என்று அமெரிக்கத் தரப்பு சொன்னது. 2024 ஜனவரி 26 மார்லின் லுவாண்டா, மார்ச் 6 ட்ரூ கான்ஃபிடன்ஸ் இரண்டிலும் பட்டது கப்பல் எதிர்ப்பு பாலிஸ்டிக் ஏவுகணை என்று அதே தரப்புதான் சொன்னது. இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. பாலிஸ்டிக் மேலிருந்து இறங்கும். க்ரூஸ் பக்கவாட்டில், நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே நுழையும். உங்கள் மோட்டர்மேனுக்குச் சொல்ல வேண்டிய பதிலே இதை வைத்து மாறும்.

நேரத்தையும் பாருங்கள். ரேடார் நீர்மட்டத்திலிருந்து 20 மீட்டர் உயரத்தில், ஏவுகணை 4 மீட்டரில் என்றால், பூமியின் வளைவைத் தாண்டி அது கண்ணில் படுவதே சுமார் 27 கி.மீ. தூரத்தில்தான். ஒலி வேகத்துக்குச் சற்றுக் கீழே வருவதற்கு ஒன்றரை நிமிடம் கிடைக்கும். பிரமோஸ் மாதிரி மேக் 2.8 (ஒலியைப் போல் 2.8 மடங்கு வேகம்) என்றால் அரை நிமிடம். அதுவும் ரேடாரில் கண் வைத்திருப்பவன் விழித்திருந்தால். 1982 மே 4 அன்று ஃபாக்லாந்துப் போரில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஷெஃபீல்டுக்குப் பக்கத்துக் கப்பலான கிளாஸ்கோ எச்சரிக்கை கொடுத்தது. ஆனால் ஷெஃபீல்டு அந்நேரம் செயற்கைக்கோள் வழியே பேசிக்கொண்டிருந்தது, அந்த அலைவரிசை அதன் எச்சரிக்கைக் கருவியை மறைத்துவிட்டது. ஏவுகணையின் ரேடாரை ஏமாற்றும் சாஃப் துகள்களைக் கூடச் சுடவில்லை. 20 பேர் செத்தார்கள்.

தொடுவானம் சார் சொன்ன மிச்ச எரிபொருள் விஷயமும் அங்கேதான் வருகிறது. ஷெஃபீல்டில் பட்ட எக்ஸோசெட் ஏவுகணை வெடிக்கவே இல்லை, எரிபொருள் தீதான் கப்பலைத் தின்றது என்று முதல் விசாரணை முடிவுகட்டியது. வெடித்தது என்று 2015இல் மறு ஆய்வு திருத்தியது. இன்னும் பலர் பழையதையே சொல்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

என் கதை சின்னது. சண்டிப்பூர் ஏவுகணைச் சோதனைத் தளத்தில் டெலிமெட்ரி அறை. திரையில் உயரமானி கோடு, வேகம், ஃபின் (சிறகு) அசைவு, இலக்கைத் தேடும் சீக்கர், எல்லாம் தனித்தனிக் கோடாக ஓடும். கடைசிக் கட்டத்தில் உயரக் கோடு இறங்கி, அலையின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப மெல்ல நடுங்கிக்கொண்டே போனது. மோதியதும் எல்லாக் கோடும் ஒரே புள்ளியில் அறுந்தது. ஒன்று முன்னே, ஒன்று பின்னே என்றில்லை. அந்த அறுந்த இடத்தை இன்றைக்கும் கண்முன் வரைந்து காட்ட முடியும்.

ஆசிட் பார்ட்டி:

நீங்களெல்லாம் மூடிய குழாயில் வந்து இறங்கும் ஏவுகணையோடு வேலை பார்த்தவர்கள். நாங்கள் பி-15 என்ற பழைய சோவியத் ஏவுகணையின் ஆட்கள். ஸ்டைக்ஸ் என்று வெளியே சொல்வார்களே, அதேதான். அதற்கு எரிபொருள் திரவம், அதை எரிக்க நைட்ரிக் அமிலம். இரண்டும் சந்தித்தாலே பற்றிக்கொள்ளும், தீக்குச்சி வேண்டாம். ரப்பர் உடை, முகமூடி போட்டுத்தான் நிரப்புவோம். ஒருநாள் குழாய் இணைப்பில் கசிந்து செம்பழுப்பாக ஆவி கிளம்பியது. முகமூடிக்குள் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது, கால் நகரவில்லை. எங்கள் சீஃப் பின்னாலிருந்து பட்டியைப் பிடித்துக் காற்று வரும் திசைக்கு இழுத்தார். எதிரிக் கப்பலைப் பார்க்காமலேயே அந்த ஏவுகணையைக் கண்டு பயந்தவன் நான்.

ரேஞ்ச்பக்கம் ஐயா, விநாடிக் கணக்கு சரி. ஆனால் நேரம் இருந்தும் செத்தவர்களை நீங்கள் விட்டுவிட்டீர்கள். 1971 டிசம்பர் 4 ராத்திரி கராச்சிக்குத் தெற்கே நம் ஏவுகணைப் படகு நிர்காத் சுட்ட ஏவுகணை கடலை ஒட்டி வரவில்லை. பி-15 உயரத்தில் பறப்பது, வால் நெருப்பு தெரியும். பாகிஸ்தான் போர்க்கப்பல் கைபரில் இருந்தவர்கள் வானத்தில் அந்த வெளிச்சத்தைப் பார்த்தார்கள், விமானம் என்று நினைத்து பீரங்கியால் சுட்டார்கள். ஏவுகணை பட்ட பிறகும் "எதிரி விமானம் தாக்கிவிட்டது" என்றே செய்தி அனுப்பினார்கள். இரண்டாவதும் வந்தது, கப்பல் மூழ்கியது. அவர்களைத் திறமையில்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 1967 அக்டோபர் 21 அன்று போர்ட் சயீத் பக்கம் இதே பி-15 இஸ்ரேலியப் போர்க்கப்பல் எய்லாட்டை மூழ்கடித்து 47 பேரைக் கொன்றது. நாலு வருடம் கழித்தும் கடலில் இருப்பவன் கண்ணுக்கு அது விமானமாகத்தான் தெரிந்தது. வருவது என்ன என்று தெரியாவிட்டால் ஒன்றரை நிமிடம் இருந்தும் பயனில்லை.

கார்க் ஷட்டில்:

எண்பதுகளில் ஈரான்-ஈராக் சண்டை நேரம். ஈரானின் கார்க் தீவில் கச்சா எண்ணெய் ஏற்றித் தெற்கே கொண்டுபோய் இறக்கும் ஷட்டில் டேங்கரில் பம்ப்மேனாக இருந்தேன். எங்களுக்கு முன்னால் போன டேங்கரில் பட்டது. நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன்: எண்ணெய்த் தொட்டி பக்கம் ஒன்றுமில்லை, பின்னால் ஆள் இருக்கும் கட்டடம்தான் எரிந்தது. கப்பல் மிதந்துகொண்டே இருந்தது. லைஃப்போட்டை இறக்க வழியில்லாமல் ஆட்கள் முன்பக்கம் ஓடி வந்து தொட்டிகளுக்கு மேலே நின்றார்கள். எண்ணெய்க்கு மேலே நிற்பதுதான் பத்திரம் என்று ஆன நாள் அது.

நாலாம் இன்ஜினியர் தம்பி, உனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கீழே இருக்காதே. இன்ஜின் ரூம் பின்னால்தான் இருக்கிறது. பக்கவாட்டில் வந்தால் நீர் நுழையும், தீயும் நுழையும், ஏறுவதற்கு ஏணியை விட்டால் வழியில்லை. உன் கப்பல் இன்ஜின் ரூமில் ஆளில்லாமல் ஓடக்கூடியதாக இருந்தால், அந்த நீரிணை தாண்டும்வரை கன்ட்ரோலை பிரிட்ஜுக்குக் கொடுத்துவிட்டு மேலே வரச் சொல்லிக் கேள். சிட்டடல் கொள்ளைக்காரனுக்குக் கட்டியது. பூட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தண்ணீர் வரும்போது கதவே எதிரி. கூடும் இடம் கட்டடத்தின் நடுவில், நீர்மட்டத்துக்கு மேலே, உள் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், ஜன்னல் இருக்கக் கூடாது. எல்லாரையும் ஒரே அறையில் அடைக்காதீர்கள், இரண்டாகப் பிரியுங்கள், ஒவ்வொரு பிரிவிலும் தீயணைக்கத் தெரிந்தவன் ஒருவன். மூச்சுக் கருவியும் இரண்டு இடத்தில். எமர்ஜென்சி ஃபயர் பம்பை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து, லைனில் அழுத்தம் வைத்திரு. மெயின் பம்ப் இன்ஜின் ரூமோடு போய்விடும், இது ஒன்றுதான் மிஞ்சும். நீர்புகாக் கதவு எல்லாம் அடைத்திருக்கட்டும். முதல் அடி விழுந்ததும் டெக்குக்கு ஓடாதே, இரண்டாவதும் வரலாம். 1987 மே 17 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் ஸ்டார்க் மேல் இரண்டு எக்ஸோசெட் வந்தது. முதலாவது வெடிக்கவில்லை, இரண்டாவது வெடித்தது, 37 பேர் போனார்கள். 2022இல் ரஷ்யப் போர்க்கப்பல் மாஸ்க்வாவின் மீதும் இரண்டு ஏவுகணை.

இன்னொன்று. உங்கள் ஒப்பந்தம் ஐபிஎஃப் (மாலுமிகள் சங்கமும் கப்பல் முதலாளிகளும் பேசி முடிக்கும் சர்வதேச ஒப்பந்தம்) கீழே இருந்தால், அறிவிக்கப்பட்ட போர்ப் பகுதிக்குள் போக மாட்டேன் என்று சொல்ல உரிமை உண்டு. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தைப் படி. வெட்கப்படாதே.

ரேஞ்ச்பக்கம்:

கார்க் அண்ணே, நீர்மட்டத்துக்கு மேலே என்பது க்ரூஸுக்கும் சரியாகப் பொருந்தாது. அது நுழைவதே அங்கேதான். பாலிஸ்டிக் என்றால் மேல்தளங்கள்தான் முதலில் போகும். எல்லாவற்றுக்கும் ஒரே இடம் என்று சொல்லிவிட முடியாது.

கார்க் ஷட்டில்:

எது வருகிறது என்று கீழே இருப்பவனுக்கு யார் சொல்வது? எரியும் கட்டடத்திலிருந்து ஆள் வெளியே வந்ததை நான் பார்த்தேன். நிரம்பும் இன்ஜின் ரூமிலிருந்து வெளியே வருவது அதைவிடக் கஷ்டம். நான் சொன்னதை மாற்ற மாட்டேன்.

தொடுவானம்:

இரண்டு பேருக்கும் ஒரு விஷயம். 1982 ஜூன் 12 அன்று, அதே ஃபாக்லாந்துப் போரில், பிரிட்டிஷ் போர்க்கப்பல் கிளமார்கன் மேல் கரையிலிருந்து எக்ஸோசெட் விட்டார்கள். ரேடாரில் பார்த்ததும் கப்பலை வெடுக்கென்று திருப்பினார்கள், பக்கவாட்டில் படவில்லை. ஏவுகணை டெக்கில் உரசிச் சறுக்கி ஹெலிகாப்டர் கொட்டகைப் பக்கம் வெடித்தது. 14 பேர் இறந்தார்கள், கப்பல் பிழைத்தது. ஆனால் அது போர்க்கப்பல். சரக்கு ஏற்றிய டேங்கர் அந்த நேரத்துக்குள் திரும்பாது. அதே போரில் மே 25 அன்று எக்ஸோசெட் பட்ட அட்லாண்டிக் கன்வேயரும் வணிகக் கப்பல்தான், 12 பேர் போனார்கள். ஆகவே தம்பிக்கு உதவக்கூடியது திருப்பம் இல்லை, பம்பும் கதவும்தான். அந்த விஷயத்தில் கார்க் சொல்வதை நான் ஏற்கிறேன்.

நாலாம் இன்ஜினியர்:

எல்லாருக்கும் நன்றி. பம்ப், ரெண்டு இடம், சிட்டடலைப் பூட்டிக்கிட்டு உட்காராம இருக்கறது, மூணையும் அந்த மோட்டர்மேனுக்கு அனுப்பிட்டேன். அவர் இப்ப வேற கப்பல்ல இருக்கார், அதே ரூட். ரேஞ்ச்பக்கம் சார், க்ரூஸா பாலிஸ்டிக்கான்னு எனக்கு இன்னும் தெரியாது. தண்ணி எழும்பினதுக்கு முன்னாடி வானத்துல எதுவும் பார்க்கலைன்னுதான் போசன் சொன்னார். கார்க் அண்ணே, ஒண்ணு கேக்கணும்: ஆளில்லாம ஓட்டறதுக்கு கேப்டன் ஒத்துக்கலைன்னா கீழே குறைஞ்சது எத்தனை பேர் நிக்கணும், எந்த ஏணிகிட்ட நிக்கணும்?