ராஜ்கோட்டும் புனேயும் ஒரே வாரத்தில்

வாட்ஸ்அப் குழு: நம்ம வீடு (கோவை, ஈரோடு, பெங்களூர்)

ஜனவரி 21, புதன்

கவிதா, இரவு 8:52
எல்லோருக்கும் ஒரு தகவல். பிப்ரவரி 9, 10, 11 மூன்று நாளும் எனக்குப் புனேயில் பயிற்சி. வங்கியில் இன்றைக்குத்தான் என் பெயர் வந்தது. ஞாயிறு கிளம்பி வியாழன் திரும்புவேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நிலா, 8:53
சூப்பர்மா! அப்போ மூணு நாளும் பரோட்டாவா?

சுமதி, 8:57
நல்லது கவிதா. ஆனால் நிலாவுக்குத் திருப்புதல் தேர்வு அந்த வாரம்தானே? அம்மாவுக்குக் காலையில் இன்சுலின் ஊசி யார் போடுவார்கள்? சமையலுக்கு என்ன ஏற்பாடு?

கவிதா, 9:01
அண்ணி, நிலா அப்பா போன மாதம் இந்தூர் போனபோது இந்தக் குழுவில் யாரும் சமையலைப் பற்றிக் கேட்கவில்லை. கோபத்தில் சொல்லவில்லை. கவனித்ததைச் சொல்கிறேன்.

கார்த்தி, 9:02
நான் இந்தக் குழுவில் இல்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை.

செந்தில், 9:20
இப்போதுதான் பார்த்தேன். 10ஆம் தேதி குஜராத்தில், ராஜ்கோட்டில் எங்கள் பம்ப் கம்பெனியின் டீலர் மீட்டிங். கோடைக்கான ஸ்கீம் அறிவிக்கிற கூட்டம். போன வாரமே சொன்னேனே?

கவிதா, 9:22
பிப்ரவரியில் ராஜ்கோட் போக வேண்டியிருக்கும் என்று வீடியோ காலில் சொன்னீர்கள். தேதி சொல்லவில்லை. தேதி இல்லாத பயணத்தை வைத்துக்கொண்டு நான் எதைத் திட்டம் போடுவது?

செந்தில், 9:24
கம்பெனி எனக்கே கடைசியில்தான் சொல்கிறது.

கவிதா, 9:26
ரயில்வேகூட முன்பு 120 நாளுக்கு முன்னால் டிக்கெட் கொடுத்தது. 2024 நவம்பரிலிருந்து 60 நாள். நம் வீட்டில் மட்டும்தான் பெட்டி வாசலுக்கு வந்த பிறகு ஊர் பெயர் தெரிகிறது.

அம்மா, 9:31
(குரல் செய்தி, 0:58)

நிலா, 9:33
தங்கவேல் மாமா வண்டி ஓட்டிக்கொண்டு இருப்பார், அதனால் எழுதிப் போடுகிறேன். அப்பத்தா சொன்னது: "கவிதா போய்விட்டு வரட்டும். பேனா ஊசிதானே, நானே போட்டுக்கொள்வேன். உங்கள் அப்பா லாரியில் நாக்பூர் போனால் எந்தக் கிழமை வருவார் என்று யாருக்கும் தெரியாது. தெருமுனையில் ஹாரன் கேட்டால்தான் உலை வைப்பேன். அப்போது போன் இல்லை, கேட்க வழியில்லை. இப்போது ஆளுக்கொரு போன் இருக்கிறது, அப்புறம் ஏன் தேதி தெரியவில்லை?" அவ்வளவுதான். கடைசியில் இருமல்.

சுமதி, 9:35
அந்த மூன்று நாளும் நான் வந்து இருக்கிறேன். முடிந்தது விஷயம்.

கவிதா, 9:38
நீங்கள் வந்தால் சந்தோஷம்தான் அண்ணி. ஆனால் இவர் போனால் நான் பார்க்கிறேன், நான் போனால் நீங்கள் வந்து பார்க்கிறீர்கள் என்றால் இவர் பெயர் எங்கேயும் வரவில்லையே?

தங்கவேல், 9:54
இப்போதுதான் வண்டியை நிறுத்தினேன். எல்லாம் படித்தேன்.

மாப்பிள்ளை, நான் பெட்ஷீட், துண்டு ஆர்டர் எடுக்க அகமதாபாத்தும் கல்கத்தாவும் சுற்றியவன், அதனால் சொல்கிறேன். தொண்ணூறுகளில் எஸ்டிடி பூத்தில் இரவு 11 மணிக்கு மேல் கட்டணம் கால் பங்கு. அதற்காகக் காத்திருந்து பேசுவேன். சுமதி தூக்கக் கலக்கத்தில் உம் கொட்டுவாள். அதை நினைத்து ஏங்க ஒன்றுமில்லை, அது நல்ல ஏற்பாடே இல்லை.

உருப்படியாகச் செய்தது ஒன்றுதான். நம் ஊர் காலண்டருக்குப் பக்கத்திலேயே வியாபாரியின் ஊர் காலண்டரையும் மாட்டினேன். குஜராத்தில் தீபாவளிக்குக் கடை பூட்டினால் அமாவாசைக்கு அடுத்த ஐந்தாம் நாள் லாப பஞ்சமிக்குத்தான் நல்ல நேரம் பார்த்துத் திறப்பார்கள். அந்த நாட்களில் அங்கே போய் யாரைப் பார்ப்பது? நான் வீட்டில் இருப்பேன், முதலாளியும் ஒன்றும் சொல்ல முடியாது. நமக்குப் பொங்கல் என்றால் அவர்களுக்கு உத்தராயணம். 14, 15 இரண்டு நாளும் மொட்டை மாடியில் பட்டம் விடுவார்கள், மார்க்கெட்டில் ஈ காக்கை இருக்காது. கல்கத்தாவில் துர்கா பூஜை வந்தால் கேட்கவே வேண்டாம். லீவு கேட்டுக் கையேந்தாதே. அவன் கடை மூடியிருக்கிற நாளை உன் வீட்டுக்கு எடுத்துக்கொள்.

அப்புறம் முக்கியமான ஒன்று. தை பிறந்தால் அங்கே கல்யாண சீசன். 10ஆம் தேதி முகூர்த்தமா என்று யாராவது பார்த்தீர்களா? ராஜ்கோட்காரன் சொந்தக்காரக் கல்யாணத்தை விட்டுவிட்டு உன் மோட்டாரைப் பார்க்க வர மாட்டான். அதுவும் அவன் ஊரிலேயே சப்மெர்சிபிள் பம்ப் மலிவாகச் செய்கிறார்கள்.

செந்தில், 9:58
கடைசி வரி தேவையா மச்சான்?

ஆனால் கல்யாண விஷயம் யோசிக்க வேண்டியதுதான். ஹாலை யார் முடிவு செய்தார்கள் என்று தெரியவில்லை. நாளைக்கு இரண்டு டீலரிடம் கேட்கிறேன்.

இங்கே எல்லோரும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பம்ப் வியாபாரத்தில் நான் நாள் குறிக்க முடியாது. மத்தியப் பிரதேசத்தில் கோதுமை விதைக்கிற அக்டோபர், நவம்பரில் ஒரு சீசன். கோடைக்கு முன்னால் ஒரு சீசன். மார்ச் 31க்குள் வசூல். இது மூன்றும் வீட்டில் தீபாவளி, திருப்புதல் தேர்வு, பொதுத்தேர்வு வருகிற நேரம்.

கார்த்தி, 10:01
நிஜமாகவே மோசமான பொருத்தம்.

நிலா, 10:03
நான் ஒன்று சொல்லலாமா? அப்பா ஊருக்குப் போவது எனக்குப் பழகிவிட்டது. திரும்பி வருகிற சனிக்கிழமைதான் கஷ்டம். வந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்து இது ஏன் இருக்கிறது, ராத்திரி ஏன் இவ்வளவு நேரம் போன், செருப்பு ஏன் இங்கே என்று வரிசையாகக் கேட்பார். வைஃபை நேரத்தை மாற்றுவார். நாங்கள் புது ரூலுக்குப் பழகுவதற்குள் திங்கள்கிழமை ஏர்போர்ட் போய்விடுவார்.

சுமதி, 10:04
நிலா, அப்பாவிடம் இப்படியா பேசுவது?

கவிதா, 10:06
பேசட்டும் அண்ணி. அவள் சொன்னது சரி. ரெண்டு வாரமாக ஒரு ஒழுங்கில் ஓடுகிற வீட்டை ரெண்டு நாளில் திருத்த வேண்டியதில்லை.

செந்தில், 10:15
நானும் சொல்லிவிடுகிறேன். ஓட்டலில் தனியாக, வெல்லம் போட்ட பருப்பில் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், எல்லாம் என்னைக் கேட்காமலே முடிவாகி இருக்கிறது. டியூஷன் மாறியிருக்கிறது, அம்மாவின் மாத்திரை மாறியிருக்கிறது. சும்மா உட்கார்ந்தால் விருந்தாளி மாதிரி உட்காராதீர்கள் என்கிறீர்கள். கேள்வி கேட்டால் இன்ஸ்பெக்டர் என்கிறீர்கள். நான் எங்கே நிற்பது?

கார்த்தி, 10:17
அண்ணா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது அண்ணி.

கவிதா, 10:29
இருக்கிறது. அதனால்தான் யோசித்து எழுதுகிறேன்.

ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்களுடையதாகவே சில வேலைகள் இருக்கட்டும். நான் நினைவுபடுத்த மாட்டேன், நடுவில் வர மாட்டேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில். கேஸ் புக்கிங். அத்தையின் மாத்திரை தீர்வதற்குள் வரவழைப்பது, மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனைக்கு லேப் ஆளை வீட்டுக்கு வரச் சொல்வது, ரிப்போர்ட்டை டாக்டருக்கு அனுப்பிக் கேட்பது. இதெல்லாம் ராஜ்கோட்டில் இருந்தும் போனில் முடியும். அப்போது மாத்திரை மாறினால் முதலில் தெரியப்போவது உங்களுக்குத்தான்.

ஆள் நேரில் இருந்தால்தான் நடக்கும் என்பவை வேறு. பேரண்ட்ஸ் மீட்டிங், ஆஸ்பத்திரி, அப்புறம் நான் வெளியூர் போகிற நாட்கள். அந்தத் தேதிகளை போன் காலண்டரில் இன்றைக்கே போடுகிறேன். அதில் உங்கள் கம்பெனி கை வைத்தால், வர முடியாது என்று நீங்கள் அங்கே சொல்ல வேண்டும். இங்கே அல்ல.

தினமும் அஞ்சு தடவை சாப்பிட்டாயா என்று கேட்கிற போன் வேண்டாம். இரவு ஒன்று போதும். நிலாவிடம் பேசும்போது மார்க் கேட்காமல் பேசுங்கள்.

தங்கவேல், 10:31
நீ வங்கியில் இருப்பது வீண் போகவில்லை கவிதா.

கவிதா, 10:32
நன்றி அண்ணா. அண்ணியும் கொஞ்ச நாள் வேலைக்குப் போனவர்தானே. விட்டதற்குக் காரணம் உங்கள் கல்கத்தா.

சுமதி, 10:34
அதை இப்போது எதற்கு எடுக்கிறாய்.

சுமதி, 10:35
ஆனால் உண்மைதான்.

தங்கவேல், 10:36
நான் சாப்பிடப் போகிறேன்.

செந்தில், 10:41
சரி. மாத்திரையும் லேபும் என்னிடம் கொடு. கரண்ட் பில், கேஸ் புக்கிங்கும்தான். நிலா, மார்ச் 11 உன் பொதுத்தேர்வு தொடங்குகிற நாள், அன்றைக்கு வீட்டில் இருப்பேன். இப்போதே போட்டுவிட்டேன்.

நிலா, 10:42
அன்றைக்குத் தமிழ்தான்பா. அதுக்கு நீங்க வேண்டாம். கணக்குப் பரீட்சைக்கு இருங்க.

ஜனவரி 22, வியாழன்

அம்மா, காலை 6:10
(படம்: ரோஜாப்பூ, இனிய காலை வணக்கம்)

கார்த்தி, 8:40
எதற்கும் இருக்கட்டும் என்று 8ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை உதய் எக்ஸ்பிரஸில் ஒரு டிக்கெட் போட்டுவிட்டேன். மூன்று நாள் கோவையில் இருந்தே வேலை பார்ப்பேன். எனக்குத் தெரிந்த சமையல் முட்டைப் பொரியல் மட்டும். ஆனால் டிக்கெட்டை ரத்து செய்கிற மாதிரி செய்தி வந்தால் எனக்குச் சந்தோஷம்.

செந்தில், பகல் 1:15
மச்சான், உங்கள் வாய் முகூர்த்தம். இரண்டு பேரைக் கேட்டேன். ஒருவர் வீட்டிலேயே 10ஆம் தேதி கல்யாணம், பத்திரிகையை அனுப்பிவிட்டார். இன்னொருவர் மாப்பிள்ளை ஊர்வலத்தில் ஆடப்போகிறாராம். மேனேஜரிடம் சொன்னேன். 17ஆம் தேதிக்கு மாற்ற முடியுமா என்று ஹாலில் கேட்கிறார்கள். திங்கள்கிழமைதான் உறுதியாகத் தெரியும். மாறாவிட்டாலும் இந்த முறை வேறு ஒருவர் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

தங்கவேல், 1:18
சொன்னபோது முகம் எப்படி இருந்தது?

செந்தில், 1:19
போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சரி என்றார். ஏப்ரலில் இன்க்ரிமென்ட் வரும்போது முகம் தெரியும்.

கார்த்தி, 1:21
டிக்கெட் ரத்து செய்யலாமா?

கவிதா, 1:30
திங்கள் வரைக்கும் இருக்கட்டும் கார்த்தி. 17ஐ எழுதிக்கொண்டேன். 14 சனிக்கிழமை பள்ளியில் பேரண்ட்ஸ் மீட்டிங், அதை உங்கள் அண்ணா பெயரில் போட்டிருக்கிறேன்.

செந்தில், 1:34
போகிறேன். அம்மாவுக்குக் காலையில் எத்தனை யூனிட்? சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா?

கவிதா, 1:36
ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறது. வந்தால் முதலில் திறப்பது அதைத்தானே?