புதுப்பிப்பு: கவிதைத் தொகுப்பு அச்சுக்குப் போய்விட்டது

ரிட்டயர்ட் ஆன பிறகு சொந்தச் செலவில் கவிதைப் புத்தகம் போடலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். 'முதலில் மின்நூல்' என்றவர்களே அதிகம். போட்டாயிற்று. அமேசானின் மின்நூல் தளமான கிண்டிலில் தமிழ் மின்நூலை நாமே ஏற்றலாம், கட்டணம் இல்லை. ஆனாலும் தாளில் பார்க்க வேண்டும் என்ற ஆசை விடவில்லை. வேலூரிலேயே அச்சகம் பிடித்தேன்.

பெரிய தலைவலி எழுத்துருதான். நான் யூனிகோடில் தட்டியதை அச்சுக்குப் பக்கம் அமைக்கும் டிடிபி தம்பி பழைய எழுத்துருவுக்கு மாற்றியதில் கொம்பெல்லாம் இடம் மாறி, வரிகள் கண்ட இடத்தில் உடைந்துவிட்டன. கவிதையில் வரி போனால் அப்புறம் என்ன மிச்சம்? பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். அச்சுக் கணக்கில் 16 பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். 5 ஃபாரத்தில் அடக்கச் சில கவிதைகளைத் தூக்கினேன். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பற்றியதை மட்டும் விடவில்லை, வீட்டுக்காரர் நீளம் என்று சொல்லியும்!

புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. அதற்குக் காசு கேட்டால் உஷார். 1954ஆம் வருடச் சட்டப்படி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் பிரதி அனுப்பணும்.

விலை இன்னும் முடிவாகவில்லை. காட்பாடி, குடியாத்தம் பக்கம் இருக்கிறவர்கள் சொல்லுங்கள், பிரதி எடுத்து வைக்கிறேன்.