பிக்கப் பெட்ரோல் பம்ப் கேஸ்கட்டை நானே மாற்ற யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. என் பழைய பிக்கப்பில் இருப்பது என்ஜின் பிளாக்கில் மாட்டிய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப். அது பிளாக்கில் உட்காரும் இடத்தில் ஆயில் கசிகிறது. துடைத்துவிட்டு ஓட்டினால் கீழ் போல்ட்டைச் சுற்றி மறுபடியும் ஈரம். அதில் புழுதி அப்பிக் கறுப்பாகிவிடுகிறது. பம்ப் அடியில் உள்ள சின்னத் துளை காய்ந்தே இருக்கிறது, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடையும் இல்லை. அதனால் பம்ப்புக்குள் பெட்ரோலைத் தள்ளும் சவ்வான டயாஃப்ரம் சரியாக இருக்கிறது, பம்ப்புக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசிவை அடைக்கும் கேஸ்கட்தான் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பெட்ரோல் ஹோஸை அடைத்துவிட்டுத்தான் கை வைப்பேன். கேம்ஷாஃப்ட் (பம்ப்பை இயக்கும் என்ஜின் தண்டு) பம்ப்பின் லீவரைத் தள்ளாத நிலைக்கு என்ஜினைத் திருப்பி வைத்தால் போல்ட் சுலபமாக ஏறும் என்பதும் தெரியும்.

குழப்பம் மற்றதில்தான். பேப்பர் கேஸ்கட்டை அப்படியே வைக்கலாமா, இல்லை இரண்டு பக்கமும் மெல்லிசாக சீலன்ட் தடவ வேண்டுமா? பழையது பிளாக்கில் ஒட்டிக் காய்ந்து கிடந்தால், துகள் உள்ளே விழாமல் எப்படிச் சுரண்டுகிறீர்கள்? அப்புறம், பம்ப்பின் ஃபிளேஞ்ச் (பிளாக்கில் உட்காரும் தட்டையான விளிம்பு) லேசாக வளைந்திருந்தால் தேய்த்துச் சமப்படுத்தினால் போதுமா, பம்ப்பையே மாற்றுவது நல்லதா?

இந்த வேலையைத் தன் கையால் செய்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.