இணைகோடு என்று நம்பி ஏமாந்த அனுபவம் உண்டா?

எனக்கு உண்டு. வரைபடத்தாளில் ஒரு கோட்டை (0, 0), (7, 5) வழியாகவும், இன்னொன்றை (0, 3), (10, 10) வழியாகவும் வரையச் சொன்னார் ஆசிரியர். ஓர் அலகுக்கு ஒரு சென்டிமீட்டர். மூலைமட்டத்தை நகர்த்திப் பார்த்தேன், தண்டவாளம் மாதிரி போயின. "இணைதான் சார்" என்றேன்.

"சாய்வு பார்த்தாயா?"

பார்த்தேன். முதல் கோடு வலப்பக்கம் 7 போக 5 ஏறுகிறது. 5/7, சுமார் 0.714. மற்றது 10 போக 7 ஏறுகிறது, 0.7. இடது ஓரத்தில் மேல்கீழாக 3 சென்டிமீட்டர் இருந்த இடைவெளி பத்தாவது கட்டத்தில் 2.86 ஆகியிருந்தது. ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தக் குறைவு என் கண்ணில் படவே இல்லை. இரண்டும் (210, 150) என்ற புள்ளியில் சந்திக்கின்றன. வலப்பக்கமே இரண்டு மீட்டருக்கு மேல் போக வேண்டும், அந்தத் தாளில் எங்கே தெரியும்!

பதில்:
எனக்கு நடந்தது நேர் எதிர். சாய்வுகள் 2, −1/2. பெருக்கினால் −1, அதனால் செங்குத்து. ஆனால் கணினித் திரையில் கோணல்மாணலாக நின்றன. வெகுநேரம் கணக்கையே சந்தேகப்பட்டேன். அப்புறம்தான் அச்சுகளைக் கவனித்தேன். கிடை அச்சு −10 முதல் 10 வரை, நெட்டச்சு −50 முதல் 50 வரை. இரண்டுக்கும் ஒரே அளவு வைத்ததும் அழகான செங்கோணம்.

−1 ஏன் வருகிறது என்பதும் அன்றுதான் விளங்கியது. வலப்பக்கம் 1, மேலே 2 போகும் அம்பை இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள். இடப்பக்கம் 2, மேலே 1 என்று ஆகிவிடும். எண்கள் இடம் மாறுகின்றன, ஒன்றின் குறியும் மாறுகிறது. அவ்வளவுதான் அந்த விதி.

பதில்:
(2, 1), (2, 6), (9, 6), (9, 1) செவ்வகமா என்று தேர்வில் கேட்டிருந்தார்கள். ஒரு பக்கத்தின் சாய்வு 5/0 என்று வந்தது. பெருக்கினால் −1 வரவில்லையே என்று "செவ்வகம் இல்லை" என எழுதி மதிப்பெண்ணை இழந்தேன். நேர் மேலே எழும் கோட்டுக்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை, படுத்த கோட்டுக்கு 0. இந்த ஜோடி செங்குத்துதான், பெருக்கல் விதிதான் இதற்குப் பொருந்தாது. இப்போதெல்லாம் சாய்வைக் கணக்கிடும் முன்பே, இரு புள்ளிகளின் முதல் எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிடுகிறேன்.