ரிங்கில் டிராஃபிக் ஓடுகிறது, ஆனால் கடையமும் தென்காசியும் என்எம்எஸ்ஸில் இல்லை

அம்பை ஃபைபர்:
வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் டிரான்ஸ்மிஷன் பராமரிப்பில் இருக்கிறேன், வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. எங்கள் எஸ்டிஎச் ரிங், அதாவது ஊர்களை வட்டமாக இணைக்கும் ஃபைபர் வலை, நெல்லை, சேரன்மகாதேவி, அம்பை, கடையம், தென்காசி, ஆலங்குளம் என்று சுற்றித் திரும்ப நெல்லைக்கு வரும். கேட்வே நோடு (மற்ற ஊர்க் கருவிகளைக் கண்காணிப்பு மையத்தோடு இணைக்கும் கருவி) நெல்லையில் மட்டும்தான்.

நேற்று சாயங்காலம் பாவூர்சத்திரம் பக்கம் சாலைக்குத் தோண்டியதில் ஃபைபர் அறுந்தது. வாடிக்கையாளர் டிராஃபிக் உடனே அம்பை வழியாகத் திரும்பிவிட்டது, ஒரு புகார்கூட வரவில்லை. ஆனால் என்எம்எஸ் (எல்லா நோடையும் ஓரிடத்திலிருந்து கண்காணிக்கும் மென்பொருள்) திரையில் கடையமும் தென்காசியும் தொடர்பு இல்லை என்று சாம்பல் நிறமாகிவிட்டன. ராத்திரி மழையோடு பைக்கில் கடையம் போனேன். பேட்டரி மேல் லேப்டாப்பை வைத்து நேரே நோடில் கேபிளைச் செருகிப் பார்த்தால், அம்பை பக்கத்து லைனில் ஒரு அலாரமும் கிடையாது. வரும் ஒளி அளவும் சரியாக இருக்கிறது, பிழைக் கணக்கும் பூஜ்யம். அதே ஃபைபரில்தானே என்எம்எஸ் தகவலும் வருகிறது? அது மட்டும் ஏன் வரவில்லை? கண்ட்ரோலர் கார்டை ரீசெட் பண்ணச் சொல்கிறார்கள். பண்ணலாமா?

பாளை டிரான்ஸ்மிஷன்:
ரீசெட் பண்ணாதீங்க தம்பி. இரண்டு ஊர் நோடும் ஒரே நிமிஷத்தில் சாம்பலானால் இரண்டு கண்ட்ரோலரும் சொல்லிவைத்தா கெட்டிருக்கும்? கோளாறு அவை நெல்லையோடு பேசும் வழியில் இருக்கிறது.

ஃபைபர் ஒன்றுதான், ஆனால் அதற்குள் வழிகள் வேறு. எஸ்டிஎச்சின் அடிப்படை வேகமான எஸ்டிஎம்-1இல் தகவல் ஃபிரேம் என்ற கட்டுகளாகப் போகும், ஒரு ஃபிரேமில் 2430 பைட். விநாடிக்கு 8000 ஃபிரேம் போவதால் ஒவ்வொரு பைட்டும் 64 கேபிபிஎஸ் சானல் ஆகிறது. ஃபிரேமில் நிர்வாகத்துக்கு ஒதுக்கிய ஓவர்ஹெட் பகுதியில் டி1 முதல் டி3 வரை மூன்று பைட், 192 கேபிபிஎஸ். டி4 முதல் டி12 வரை ஒன்பது பைட், 576 கேபிபிஎஸ். இவைதான் டிசிசி, அதாவது டேட்டா கம்யூனிகேஷன் சானல். அலாரம், கட்டளை, என்எம்எஸ் லாகின் எல்லாம் இந்தச் சின்ன வாய்க்காலில்தான் நோடு நோடாகத் தாண்டி நெல்லை கேட்வேக்கு வருகின்றன. போர்ட்டில் டிசிசியை அணைத்து வைத்தாலும் டிராஃபிக்குக்கு ஒன்றும் ஆகாது. லைன் அலாரமும் வராது. நீங்கள் கடையத்தில் பார்த்தது அதைத்தான்.

அறுந்ததும் டிராஃபிக் திரும்பியதே, அது இன்னொரு பேச்சு. உங்கள் ரிங் எம்எஸ் (மல்டிபிளெக்ஸ் செக்ஷன்) பாதுகாப்பில் இருந்தால் கே1, கே2 என்ற இரண்டு பைட்டில் நோடுகள் தங்களுக்குள் பேசி 50 மில்லி செகண்டுக்குள் மாற்றிக்கொள்ளும். என்எம்எஸ்ஸைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது உங்கள் வரைபடத்தைப் பாருங்கள். ஆலங்குளமும் அம்பையும் பச்சை. பாவூர்சத்திரத்தில் அறுந்துவிட்டது. அப்படியானால் கடையத்துக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி அம்பை. அது எப்போதோ அடைபட்டிருக்கிறது. இத்தனை நாளும் தென்காசி, ஆலங்குளம் வழியாகச் சுற்றிப் போனதால் யாருக்கும் தெரியவில்லை. அம்பையில் கடையம் பக்கத்து லைன் கார்டை யாராவது மாற்றினார்களா என்று கேளுங்கள். இரண்டு முனையிலும் டிசிசி இயங்க வேண்டும், இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும். ஒரு முனை டி1-டி3, மறுமுனை டி4-டி12 என்றால் ஒன்றுக்கொன்று பேசாது.

ஒரு விஷயம் கெஞ்சிக் கேட்கிறேன். ஃபைபரை ஜாயிண்ட் போடுவதற்கு முன்னால் இதைக் கண்டுபிடியுங்கள். ஜாயிண்ட் போட்டதும் எல்லாம் பச்சையாகும், அப்புறம் இதை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் பார்த்த ஒரு ரிங்கில் இதே மாதிரி விட்டுவிட்டு, ஒரு மழைக்காலத்தில் மூன்று நோடு கண்ணுக்குத் தெரியாமல் ஐந்து மணி நேரம் தவித்தோம். ஒரு இடத்தில் பேட்டரி இறங்கிக்கொண்டே போனது, நெல்லையில் யாருக்கும் தெரியாது.

வள்ளியூர் காத்து:
அண்ணாச்சி சொன்னதுதான். கூட ஒன்று: நோடு திரும்பப் பச்சையானதும் அலாரம் சிங்க் கொடுங்கள், அதாவது நோடில் உள்ள அலாரங்களை என்எம்எஸ்ஸுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். தொடர்பு இல்லாத நேரத்தில் வந்த அலாரங்கள் என்எம்எஸ்ஸில் இருக்காது, நோடின் சொந்தப் பதிவில்தான் கிடக்கும். எஸ்என்எம்பி என்ற கண்காணிப்பு நெறிமுறையில் ஓடும் கருவிகளிலும் இந்தச் சங்கடம் உண்டு. அவை அனுப்பும் அலாரச் செய்தியான டிராப், யுடிபி முறையில் 162ஆம் போர்ட்டுக்குப் போகும், கிடைத்ததா என்று திரும்பக் கேட்காது. முடிந்தால் தென்காசியில் இரண்டாவது கேட்வே கேளுங்கள்.

அம்பை ஃபைபர்:
அண்ணாச்சி, அதேதான். ஐப்பசியில் இடி விழுந்து அம்பை கார்டு போய், புதுசு போட்டிருக்கிறார்கள். பழைய போர்ட்டை டெலீட் செய்து புதிதாக உருவாக்கியபோது டிசிசியை இயக்கவே இல்லை. கடையத்தில் டி1-டி3 இருந்தது, அம்பையிலும் அதையே வைத்தேன். இரண்டு நிமிஷத்தில் கடையம் வந்தது, பின்னாலேயே தென்காசி. சிங்க் கொடுத்ததும் தென்காசியில் மெயின்ஸ் போன அலாரம் வந்து விழுந்தது, காலை நாலு மணியிலிருந்து பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெனரேட்டருக்குச் சொல்லிவிட்டேன். ஜாயிண்ட் டீமைச் சாயங்காலம்வரை நிறுத்தி வைத்திருக்கிறேன். அதற்குள் தென்காசி, ஆலங்குளம் போர்ட்டுகளையும் பார்த்துவிடுகிறேன்.