மறு: பறவைப் படப்பிடிப்பில் ‘ஹைட்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்துப் பாடசாலை மாணவருக்கான பறவைப் படப்பிடிப்புக் கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டியிருப்பதால், பறவை காணாதபடி மறைந்திருந்து படமெடுக்கும் இடமான ‘ஹைட்’டுக்கு முன்மொழியப்பட்ட சொற்களைப் பற்றி இன்றே எழுதிவிடுகிறேன்.

‘ஒளிப்பிடம்’ வேண்டாம். ஒளிச்சுப் பிடிச்சு விளையாடும் பிள்ளைக்கு அது விளங்கும் என்பது உண்மையே. ஆயினும் பக்கத்துக்குப் பக்கம் ‘ஒளிப்படம்’ வரும் நூலில் ‘ஒளிப்பிடம்’ என்றும் வந்தால், ஆசிரியர் வாசிக்கக் கேட்கும் மாணவர் இரண்டையும் மயங்குவர்.

தினைப்புனக் காவற்பரணைக் குறிக்கும் ‘இதணம்’ பேரழகுள்ள சொல். ஆனால் குறிஞ்சிப்பாட்டின் தலைவி இதணம் ஏறியது தழல், தட்டை, குளிர் என்னும் கிளிகடி கருவிகளைக் கொண்டு தினை கவரும் கிளிகளை ஓட்டுவதற்காக. பறவை அருகே வரட்டும் என்று மூச்சடக்கி இருப்பவரின் வேலை அதற்கு நேர்மாறானது. மேலும் இதணம் உயரத்தில் அமைவது. சருகு கிளறும் புலுனியைப் படமெடுப்பவரோ கமராவைப் பறவையின் கண்மட்டத்துக்குத் தாழ்த்தவேண்டும். பொருளால் நெருங்குவது, பெரும்பாணாற்றுப்படையில் ஏனத்தின் (காட்டுப்பன்றியின்) வரவு பார்த்து வேட்டுவர் ஒளித்து ஒடுங்கும் குழியான ‘பயம்பு’ என்பதை ஏற்கிறேன். எனினும் உரையின்றி விளங்காத சொல்லைப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால், அப்பிள்ளை ‘ஹைட்’ என்றே சொல்லிவிட்டுப் போகும்.

என் முன்மொழிவு ‘மறைதட்டி’. பின்னிய தென்னோலையாலான கிடுகுத் தட்டியை நம்மூரில் அறியாதவர் இல்லை. நான்கு தடி நட்டு, தட்டியைச் சுற்றிக் கட்டி, வில்லை நுழையுமளவு துவாரம் விட்டால், வளவின் மூலையிலேயே செண்பகத்துக்குக் காத்திருக்கலாம். காற்றில் ஆடாதபடி இறுக்கிக் கட்டிச் சில நாள் முன்னரே வைத்துவிட்டால் பறவைகள் பழகிக்கொள்ளும். கூட்டுக்கு அருகில் மட்டும் வைக்கவே கூடாது. ‘கொல்களிறு’ போன்ற வினைத்தொகை இது. ஆகவே ‘மறைத்தட்டி’ என வல்லினம் மிகாது.

—

ஐயா, வணக்கம்.

இலக்கணத்தில் எனக்குத் தடையில்லை. ஆனால் பண்ணைக் கடலோரம் வாகனத்தை நிறுத்தி, உள்ளிருந்தபடியே நெடுங்கால் உள்ளானைப் படமெடுக்கும்போது அந்த வாகனம்தான் ‘ஹைட்’. கதவைத் திறந்து காலை வைத்ததும், மனித உருவம் கண்டு கூட்டம் முழுவதும் எழும்பிவிடும். வாகனத்தைத் தட்டி என்று அழைப்பது எவ்வாறு? ‘மறைவு’ பொதுவாக அமையும் என்று பார்த்தால், அது மரண அறிவித்தலுக்கே உரியதாகிவிட்டது. ‘பயம்பு’ குழியைக் குறித்தாலும், புதுப்பொருளை ஏற்க இடமுள்ள சொல். இன்று அரிதாயிருப்பதே அதற்கு வலிமை, பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.

—

அம்மா, ஐயா, இருவருக்கும் நன்றி.

மறுமொழி எழுதியோரில் பலர் ‘மறைதட்டி’க்கு இசைந்திருப்பதால் அச்சில் அதுவே போகிறது. வாகனம் பற்றிய அத்தியாயத்தில் சொல்லைத் தவிர்த்து, ‘வாகனத்துக்குள் மறைந்திருந்து’ என விரித்து எழுதியிருக்கிறேன். ‘பயம்பு’ சொல்லடைவில் இடம்பெறும். அம்மா இதற்கு உடன்படவில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன்.